கத்தெரீனா கசெல்லியின் இசைத்தட்டுகளைத் தந்தும் துலக்கியும் உதவியவர்களுக்கு நன்றி

இத்தாலியப் பாடகி கத்தெரீனா கசெல்லியின் பாட்டு வாழ்க்கையை அவருடைய இசைத்தட்டுகளை வைத்தே சொல்வது என்று எடுத்த வேலை முடிந்தது. முதல் நன்றி, நிமிடத்துக்கு 45 முறை சுழலும் சிறிய தட்டுகளைப் பரணிலிருந்து இறக்கி நம்பி ஒப்படைத்தவர்களுக்கு.

அடுத்தது, அவற்றை ஒழுங்காக ஒலிக்கவைத்தவர்களுக்கு. வந்த தட்டுகளின் நடுத்துளை, காசு போட்டால் பாடும் ஜூக்பாக்ஸ் பெட்டிக்கு ஏற்றபடி பெரியது, ஏறக்குறைய 38 மில்லிமீட்டர். அதில் பொருத்தும் வளையம் கொஞ்சம் தளர்ந்தாலும் தட்டு மையம் விலகிச் சுற்றும், 1.3 வினாடிக்கு ஒருமுறை சுருதி ஏறி இறங்கும். கேட்பவர் பாடகியின் தொண்டையைத்தான் குறை சொல்வார்! ஊசிக்கரம் பக்கவாட்டில் ஆடாமல் நிற்கும்வரை தட்டை மயிரிழை மயிரிழையாக நகர்த்தியவரின் பொறுமைக்கு ஒரு கும்பிடு. 60களின் இந்தத் தட்டுகள் மோனோ, அதாவது இடது வலது இரண்டிலும் ஒரே ஒலி. ஸ்டீரியோ ஊசியில் ஓட்டி, இடது வலது இரண்டையும் ஒன்றாகச் சேர்த்தால் கரகரப்பில் ஒரு பங்கு அடங்கிவிடும். காய்ச்சி வடித்த நீரில் பாத்திரம் துலக்கும் திரவம் ஓரிரு சொட்டு விட்டு, லேபிளில் ஈரம் படாமல் கழுவித் தந்தவர்களுக்கும் நன்றி.

ஆண்டுக் குழப்பத்தைத் தீர்த்தவரைத் தனியாகச் சொல்ல வேண்டும். பல இத்தாலியத் தட்டுகளில், பாட்டு முடிந்து லேபிள் தொடங்கும்வரை உள்ள வழுவழுப்பான வளையத்தில் நாள், மாதம், ஆண்டு கீறியிருக்கும். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால்தான் கண்ணுக்குப் படும். ஆனால் அது, மற்றத் தட்டுகளை அச்சிட உதவும் மூலத்தட்டு தயாரான நாள், கடைக்கு வந்த நாள் அல்ல. ஆண்டு முடிவில் வெட்டிய தட்டு அடுத்த ஆண்டுக் கணக்கில் வரும். இதைக் கவனிக்காவிட்டால் எங்கள் தட்டுப் பட்டியலின் ஆண்டு வரிசையே புரண்டுவிடும்.

இத்தாலியின் பாட்டுப் போட்டியான சான்ரெமோ விழாவின் 1966 தட்டுகளைப் பிரித்துக் கொடுத்தவருக்கும் கடன்பட்டிருக்கிறோம். அப்போது அங்கே ஒரே பாட்டை இருவர் தனித்தனியே பாடுவார்கள். பாடகர் செலெந்தானோ வேண்டாமென்று விட்ட ‘நெஸ்ஸூனோ மி புவோ ஜூதிகாரே’ பாட்டை, மோதெனாவில் பிறந்த 19 வயது கசெல்லியும் அமெரிக்கரான ஜீன் பிட்னியும் பாடினார்கள். கிடைத்தது இரண்டாம் இடம்தான். விற்பனையிலோ வெளுத்து வாங்கியது. பொன்னிறத் தலைக்கவசம் போல வெட்டிய முடியோடு அவர் பெயர் வீடுவீடாகப் போய்ச் சேர்ந்தது. 1968இல் பாவ்லோ கோந்தே இசையில் பாடிய ‘இன்சியேமே ஆ தே நோன் சி ஸ்தோ பியூ’தான் அவர் குரலின் உச்சம் என்பது எங்கள் கட்சி.

1970இல் தட்டு நிறுவனக் குடும்பத்தைச் சேர்ந்த பியேரோ சூகரை மணந்தார். 70களின் நடுவில் பாடுவதை நிறுத்திக்கொண்டார். அத்தோடு இசையையே விட்டுவிட்டார் என்ற பேச்சுக்குச் சான்றோடு பதில் தந்தவர், ஆரெயா என்ற இத்தாலிய இசைக்குழுவின் 1978 தட்டைக் கொண்டுவந்தவர். அது கசெல்லி தொடங்கிய ‘அஸ்கோல்தோ’ என்ற தட்டு வெளியீட்டுப் பெயரில் வந்தது. 1994 சான்ரெமோவில் புதுமுகப் பரிசு வாங்கிய பாடகர் ஆந்த்ரேயா போச்செல்லியையும், 2001இல் அங்கே வென்ற பாடகி எலீசாவையும் வளர்த்துவிட்டவர் கசெல்லியே. இடையில் 1990இல் ஒரே ஒருமுறை அந்த மேடைக்குப் பாடகியாகத் திரும்பினார். அந்தத் தட்டைத் தேடித் தந்தவருக்கும் நன்றி. பட்டியலில் அந்த ஒரு வரிதான் காலியாக இருந்தது.

இரவல் தட்டுகளைப் புது உள்ளுறையில் போட்டுத் திருப்பித் தருகிறோம். பழைய உறை தட்டோடு சேர்ந்தே வரும். வாங்கியதும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல் நிமிர்த்தி வையுங்கள். வெயில் படும் ஜன்னலோரம் வேண்டாம்.