முதலில் கசியும் இடத்தைக் கண்டுபிடி

அன்பு மகளுக்கு,

உன் காரில் கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) குறைந்துகொண்டே போகிறது என்று நீ அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். குறையக் குறைய ஊற்றி ஓட்டுவதை இன்றோடு நிறுத்திவிடு. கசிவை அடைக்கும் என்று சொல்லி விற்கும் திரவமும் வேண்டாம், கண்ணு. அது ஓட்டையோடு நிற்காது. ஹீட்டரின் மெல்லிய குழாய்களிலும் படியும். இங்கிலாந்துக் குளிரில் ஹீட்டர் இல்லாமல் என்ன செய்வாய்?

மாஸ்டா எம்எக்ஸ்-5 கார் வெளிவந்தது 1989இல். உன்னுடையது 1994 மாடல், முப்பது வயதைத் தாண்டிவிட்டது. கூலன்ட்டின் சூட்டை ஆற்றும் ரேடியேட்டரின் நடுப்பகுதி அலுமினியம். மேலும் கீழும் உள்ள தொட்டிகள் பிளாஸ்டிக். புதிதில் கறுப்பாக இருக்கும் பிளாஸ்டிக், சூட்டில் கிடந்து பழுப்பேறி, பிறகு விரியும். படத்தில் மேல்தொட்டி நன்றாகப் பழுத்திருக்கிறது. என் சந்தேகம் அதன்மேல்தான். ஆனாலும் சோதித்துப் பார்க்காமல் எதையும் வாங்காதே.

இன்ஜின் முழுக்க ஆறட்டும். சூட்டில் ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. சிறு கசிவும் சூட்டில் ஆவியாகிக் கண்ணுக்குத் தெரியாமல் போகும். ஆறியபின் மூடியைக் கழற்றி அந்த இடத்தில் பிரஷர் டெஸ்டரை (காற்றை அடித்து அழுத்தத்தை முள்ளில் காட்டும் கருவி) பொருத்து. மூடியில் 0.9 என்று பொறித்திருந்தால் 0.9 பார் அழுத்தம் வரைதான் பம்ப் அடிக்க வேண்டும். 15 நிமிடம் காத்திரு. முள் இறங்கினால் டார்ச்சோடு தேடு: தொட்டியும் அலுமினியமும் சேரும் விளிம்பு, ஹோஸ் கிளிப்புகள், வாட்டர் பம்பில் உள்ள சிறு துளை. உப்புப் பூத்தாற்போல் இருந்தால் அங்கே வெகுநாளாகக் கசிகிறது என்று பொருள். வெளியே ஈரமே இல்லையென்றால் காருக்குள் கால்வைக்கும் கம்பளத்தைத் தொட்டுப் பார். அது நனைந்து, இனிப்பு வாடையும் அடித்தால் கசிவது ஹீட்டர் கோர், அதாவது ஹீட்டருக்குள் இருக்கும் சிறு ரேடியேட்டர். அதுவும் இல்லையென்றால் ஹெட் கேஸ்கெட்டாக (இன்ஜினின் மேல்பகுதிக்கும் அடிப்பகுதிக்கும் நடுவே கசியாமல் அடைக்கும் தகடு) இருக்கலாம். அப்போது வண்டியை எடுக்காதே, முதலில் என்னிடம் பேசு.

ரேடியேட்டர்தான் என்றால் நீயே மாற்றிவிடுவாய். உன் கை எனக்குத் தெரியும். ஹோஸ்களையும், சூட்டுக்கேற்பக் கூலன்ட்டைத் திறந்துவிடும் தெர்மோஸ்டாட்டையும் கையோடு மாற்றிவிடு. வடித்த கூலன்ட் இனிக்கும். பூனையோ நாயோ நக்கினால் செத்துவிடும், உடனே மூடி வை. புதிய கூலன்ட்டை டிஸ்டில்டு வாட்டரோடு பாதிக்குப் பாதி கலந்து ஊற்று. பிறகு வண்டியின் முன்பக்கத்தைச் சற்று உயர்த்தி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, ஆறிய இன்ஜினை மூடி போடாமலே ஓடவிடு. குமிழிகள் நின்றபின் மட்டத்தை நிரப்பி மூடு. இதில் அவசரப்படாதே, உள்ளே காற்று சிக்கினால் புது ரேடியேட்டர் இருந்தும் இன்ஜின் கொதிக்கும்.

சனிக்கிழமை காலையிலேயே தொடங்கு. எங்காவது தடைப்பட்டால் கூப்பிடு. உனக்கு மதியம் என்றால் இங்கே மாலைதான், போனைக் கையிலேயே வைத்திருப்பேன்.

அன்புடன்,
அப்பா