உருபோடு சேர்த்து அச்சிடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

போட்டித் தேர்வு எழுதுவோருக்காகத் தங்கள் நாளிதழில் வரும் ஆங்கிலச் சொற்பட்டியலில் 'வை ஃபார்' என்பதற்குப் 'போட்டியிடு' என்று மட்டும் பொருள் தந்திருக்கிறீர்கள். இது போதாது. பொருளை நெட்டுருப் போட்ட மாணவர்களே வாக்கியம் எழுதும்போது சறுக்குகிறார்கள். சிக்கல் பின்னால் வரும் சின்னச் சொல்லில் இருக்கிறது. நம் வேற்றுமை உருபைக் கொண்டே அதைப் பிடித்துவிடலாம்.

கடலூர் துறைமுகத்தில் ஏலத்துக்கு வந்த வஞ்சிரத்துக்கு வியாபாரிகள் போட்டி போடுகிறார்கள் என்போம். 'வஞ்சிரத்துக்கு' என்பதில் உள்ள 'கு'தான் 'ஃபார்'. வெளியூர்க்காரர்களோடு போட்டி என்றால் அந்த 'ஓடு'தான் 'வித்'. வஞ்சிரத்தை வாங்குவதற்குப் போட்டி என்றால் 'டு' வரும். இந்த இடத்தில்தான் 'வை ஃபார் டு பை' என்று பலரும் தவறாக எழுதுகிறார்கள். தமிழில் 'மீனுக்கு', 'வாங்குவதற்கு' இரண்டிலும் ஒரே உருபு. ஆங்கிலமோ பெயருக்கு 'ஃபார்', வினைக்கு 'டு' என்று பிரித்துவிடுகிறது.

'ஃபார்' சொன்னால் அடுத்து வருவது கிடைக்க வேண்டிய பொருளாக இருக்க வேண்டும், போட்டி நடக்கும் களமாக இருக்கக் கூடாது. வேலைக்கு 'ஃபார்', தேர்வில் 'இன்'.

எழுத்திலும் கவனம் தேவை. வி, ஐ, ஈ என்ற மூன்றே எழுத்து. 'இங்' சேரும்போது ஐ, ஈ இரண்டும் போய் ஒய் வரும்: வி, ஒய், ஐ, என், ஜி. 'டை', 'லை' ஆகியவற்றுக்கும் இதே விதிதான். புதுச்சேரியில் பிரெஞ்சு படிக்கும் பிள்ளைகள் இதே எழுத்துகளை 'வீ' என்று வாசித்துவிடுவார்கள். அது 'வாழ்க்கை' என்னும் பிரெஞ்சுச் சொல், இதற்கு உறவில்லை.

தேர்தல் செய்தியில் இன்னொரு குழப்பம். புதுச்சேரிச் சட்டப்பேரவையின் 30 இடங்களுக்குக் கட்சிகள் 'வை ஃபார்' செய்யலாம். 'கான்டெஸ்ட்' என்று எழுதினால் 'ஃபார்' கூடாது, 'கான்டெஸ்ட் தி எலெக்‌ஷன்' என்பதே சரி.

'வை' பெரும்பாலும் செய்தித்தாள் நடைக்குரிய சொல். நேர்முகத் தேர்வில் பேசும்போது 'கம்பீட் ஃபார்' இயல்பாக இருக்கும்.

அடுத்த பட்டியலில் 'வை ஃபார்: ஒன்றுக்குப் போட்டியிடு, வை வித்: ஒருவரோடு போட்டியிடு' என உருபோடு அச்சிட வேண்டுகிறேன். கூடுதலாக ஒரு வரிதான் ஆகும்.

இப்படிக்கு,
ஓர் ஆங்கில ஆசிரியர்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்