யூரோப்பாவின் மஞ்சள் உப்பு

அன்புள்ள வசந்தா,

உன் கடிதம் கிடைத்தது. பேரன் நடக்க ஆரம்பித்துவிட்டான் என்று படித்ததில் வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். இங்கே அனைவரும் நலம். அம்மாவுக்கு மட்டும் முட்டிவலி குறையவில்லை.

வியாழனின் நிலவான யூரோப்பாவில் உப்பு இருப்பது, யாரும் போய் எடுத்துப் பார்க்காமல் எப்படித் தெரியும் என்று கேட்டிருந்தாய். கல்லூரியில் அகச்சிவப்பு நிறமாலை எடுத்தோமே, அதே வழிதான். பனிக்கட்டி 1.5, 2 மைக்ரான் அலைநீளங்களில் ஒளியை விழுங்கும்; நிறமாலை வரைகோட்டில் அந்த இடங்களில் பள்ளம் விழும். வியாழனைச் சுற்றிவந்த கலிலியோ விண்கலத்தின் நிம்ஸ் என்ற அகச்சிவப்புக் கருவி பார்த்தபோது, செம்பழுப்பான பகுதிகளில் அந்தப் பள்ளங்கள் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு இருந்தன. நீர் வேறெதனுடனோ பிணைந்திருக்கிறது என்று அர்த்தம். 1998-இல் மக்கார்ட் குழு, நீரேறிய மெக்னீசியம் சல்பேட் போன்ற உப்புகள் என்றது. மறு ஆண்டே கார்ல்சன் குழு, கந்தக அமிலம் என்றது. இரண்டுமே ஏறக்குறையப் பொருந்தின.

அங்கேதான், எந்தப் பொருள் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று காட்டும் வரைபடம் கைகொடுத்தது. யூரோப்பா மூன்றரை நாளில் வியாழனைச் சுற்றுகிறது. வியாழனின் காந்தப்புலமோ பத்து மணி நேரத்தில் ஒரு சுற்று முடித்துவிடும். வியாழனின் இன்னொரு நிலவான அயோவின் எரிமலைகள் கக்கும் கந்தகம் அதில் சிக்கி, யூரோப்பாவை முந்திக்கொண்டு வந்து, அது நகரும் திசைக்குப் பின்பக்கத்தில் மோதுகிறது. அந்தப் பக்கம் கந்தகம் கிடைத்தால், பனிக்கு அடியிலுள்ள கடலிலிருந்து வந்தது என்று நம்பிவிட முடியாது. முன்பக்கத்தில் கதை வேறு. அங்கே தாரா ரெஜியோ என்று உடைந்து குழம்பிக் கிடக்கும் பனிப்பரப்பு ஒன்று உண்டு. 2019-இல் ஹபிள் தொலைநோக்கித் தரவில் அங்கே 450 நானோமீட்டரில் ஒரு பள்ளம் தெரிந்தது. கதிர்வீச்சு பட்டு மஞ்சளான சோடியம் குளோரைடு. நம் சமையல் உப்பேதான் வசந்தா! 2023-இல் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி, அதே இடத்தில் கார்பன் டை ஆக்சைடு செறிந்திருப்பதைக் காட்டியது. அது அந்தப் பரப்பில் நெடுங்காலம் தங்காது. ஆகவே அண்மைக் காலத்தில் கீழேயிருந்து ஏறி வந்ததாகவே நான் நினைக்கிறேன்.

கலிலியோவின் பெரிய ஆன்டெனா சரியாக விரியாததால் தகவல் சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. நிம்ஸ் நெருங்கிப் பார்த்தது சில துண்டுகளை மட்டுமே. அதனால்தான் யூரோப்பா கிளிப்பர் விண்கலத்தை இவ்வளவு ஆவலோடு எதிர்பார்க்கிறேன். 2024 அக்டோபரில் கிளம்பிவிட்டது. 2030-இல் வியாழனை அடைந்து, அப்புறம் 49 முறை யூரோப்பாவை நெருங்கிக் கடக்கப் போகிறது. அதிலுள்ள மைஸ் என்ற அகச்சிவப்புக் கருவி, எந்த விரிசலில் எந்த உப்பு என்று பார்க்கும்.

சரி, உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். உப்பு மஞ்சளாவதற்குக் காரணமான எஃப் மையங்களை (படிகத்தில் அயனி இல்லாத வெற்றிடத்தில் எலக்ட்ரான் சிக்கிக்கொள்ளும் இடங்கள்) நீ வகுப்பில் நடத்தியிருப்பாய். நிறம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதை வைத்து, அந்த உப்பு மேலே வந்து எவ்வளவு காலமாயிற்று என்று கணிக்க வழி உண்டா? யோசித்து எழுது.

அன்புடன்,
மல்லிகா