பாப்பாவுக்கு, ஷாஃப்ட் விஷயமாக

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே பட்டர்வொர்த்தில் எல்லாரும் சுகம். அத்தைக்கு முட்டிவலி அப்படியே இருக்கிறது. தம்பி தினமும் பாலத்தில் ஜாமில் மாட்டி ராத்திரிதான் வீடு வருகிறான். மற்றதை அப்புறம் எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை ராத்திரி வாட்சப்பில் ஒரு படம் அனுப்பினாய், உடனே அழித்தும் விட்டாய். தவறி வந்துவிட்டது என்றாய். சரி. அதற்குள் நான் பார்த்துவிட்டேன். ஸ்பேர் பார்ட்ஸ் கடைக் கவுண்டரில் பாதி ஆயுளைக் கழித்தவளுக்கு ஒரு கொட்டேஷனைப் படிக்க எவ்வளவு நேரம் வேண்டும்? இரண்டு பக்கமும் முழு டிரைவ் ஷாஃப்ட், லோவர் ஆர்ம் இரண்டு, அப்சோர்பர் நாலு, அலைன்மென்ட். ஒர்க்‌ஷாப் செராஸில். கோலாலம்பூரின் ஒரு கோடியில் கெப்போங்கில் இருப்பவள் மறுகோடியில் செராஸ் வரை போய் ஏன் காடியைக் காட்டினாய் என்று கொஞ்ச நேரம் யோசித்தேன். போகட்டும், அங்கே யாராவது தெரிந்தவர் இருப்பார்.

முதல் விஷயம், காசு கட்டாதே. இன்னும் கட்டவில்லைதானே?

போன வாரம் நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆபீஸ் கதை பேசிக்கொண்டே காடியை ஒடித்துத் திருப்பினாய். உன் பேச்சுக்கு நடுவே டக் டக் டக் என்று கேட்டது. நேராகப் போனதும் நின்றுவிட்டது. அது டிரைவ் ஷாஃப்ட்டின், அதாவது கியர்பாக்ஸிலிருந்து சக்கரத்தைச் சுழற்றும் தண்டின், வெளி ஜாயின்ட். சக்கரத்துக்குப் பக்கத்தில் இருப்பது. உள்ளே ஆறு குண்டுகள் பள்ளத்தில் ஓடும், மேலே ரப்பர் பூட் மூடியிருக்கும். பூட் கிழிந்தால் கிரீஸ் வெளியே தெறிக்கும், மண்ணும் மழைத்தண்ணீரும் உள்ளே போகும், அப்புறம் குண்டு ஓடும் பள்ளம் தேயும். ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பும்போது தேய்ந்த இடத்தில் குண்டு இடறும், அதுதான் அந்தச் சத்தம். அதற்கும் அப்சோர்பருக்கும் என்ன சம்பந்தம்? அப்சோர்பர் எண்ணெய் கசிகிறதா என்று அந்த ஆள் காட்டினானா? லோவர் ஆர்ம் புஷ் கிழிந்திருப்பதைக் காட்டினானா? கேட்டாயா?

ஞாயிறு காலையில் காலியான பார்க்கிங் ஒன்றுக்குப் போ. கண்ணாடியை இறக்கிவிடு. ஸ்டியரிங்கை முழுக்க இடப்பக்கம் ஒடித்து மெதுவாக ஒரு வட்டம் போடு, அப்புறம் வலப்பக்கம். இடப்பக்கம் திருப்பும்போது சத்தம் என்றால் வழக்கமாக வலது ஜாயின்ட். திருப்பாமலே உம்மென்ற இரைச்சல் வேகத்தோடு ஏறினால் அது வீல் பேரிங், ஷாஃப்டே இல்லை. மேட்டில் அழுத்தும்போது காடி நடுங்கினால் கியர்பாக்ஸ் பக்கத்து உள் ஜாயின்ட்டைப் பார்க்க வேண்டும். கீழே குனிந்து பூட்டை விரலால் விரித்துப் பார். மடிப்புக்குள்ளேதான் வெடிப்பு ஒளிந்திருக்கும், மேலாகப் பார்த்தால் நன்றாக இருப்பது போலவே தெரியும். ரிம்மின் உள்பக்கம் கறுப்பாகக் கிரீஸ் தெறித்திருக்கிறதா பார். இரண்டு பக்கமும் பார்.

மாமா வீட்டு வாசலில் தார்ப்பாய் போட்டு அத்தனை காலம் சும்மா நின்ற வண்டி. நின்றாலும் ரப்பர் காயும், வெடிக்கும். தைப்பூசத்துக்கு அப்புறம் போய் அதை எடுத்தாய் என்று மாமாதான் சொன்னார். மாப்பிள்ளையின் காடி இருக்கும்போது இது எதற்கு என்று நான் கேட்டேனா? கேட்கவில்லை. இப்போதும் கேட்கவில்லை. அப்பாவின் புரோட்டான் வீரா ஓடுவதில் எனக்குச் சந்தோஷம்தான்.

இப்போது காசு விஷயம். ஒரு பக்கம் பூட் மட்டும் கிழிந்து சத்தம் இல்லை என்றால், ஜாயின்ட்டைக் கழுவிப் புது கிரீஸ் வைத்து, புது பூட், கிளிப் போட்டால் போதும். எல்லாவற்றிலும் மலிவு அதுதான். சத்தம் வந்த பக்கத்துக்கு அது உதவாது, தேய்ந்ததைக் கிரீஸ் நிரப்பாது. அதற்கு வெளி ஜாயின்ட் மட்டும் தனியாகக் கிடைக்கும், பூட்டும் கிரீஸும் பெட்டியிலேயே வரும். ஆனால் ஜாயின்ட் விலையும் கூலியும் சேர்ந்து முழு ஷாஃப்ட் விலைக்குப் பக்கத்தில் போவதும் உண்டு. இரண்டுக்கும் விலை கேட்டு எழுதி வாங்கு. சத்தமில்லாத பக்கத்தைத் தொடவே வேண்டாம். ஜோடியாக மாற்ற இது செருப்பு இல்லை.

ஹாஃப் கட் கடையிலும் கேட்கலாம். 1993இல் வந்த வீரா மிட்சுபிஷி லான்சரை வைத்துச் செய்தது, அதனால் ஜப்பானிலிருந்து பாதியாக வெட்டி வரும் வண்டிகளில் பொருத்தமான ஷாஃப்ட் கிடைக்கும். ஒரிஜினல் இரும்பு, நல்ல சாமான். எவ்வளவு ஓடியது என்பதுதான் தெரியாது. கையால் மடக்கித் திருப்பிப் பார்க்கச் சொல், ஆட்டம் இருந்தால் வேண்டாம். ரீகான், அதாவது பழையதைப் புதுப்பித்த ஷாஃப்ட் என்றால் யார் செய்தார்கள், எத்தனை மாதம் வாரண்டி என்று கேள்.

கவுண்டரில் வந்து “வீரா ஷாஃப்ட் ஒண்ணு” என்பார்கள். இடதா வலதா, ஆட்டோவா மேனுவலா, எத்தனை சிசி, ஏபிஎஸ் இருக்கிறதா என்று கேட்டால் முழிப்பார்கள். நீளம் மாறும், ஷாஃப்ட் முனையில் இருக்கும் பல் எண்ணிக்கை மாறும். கழற்றிய பழையதைக் கொண்டுவரச் சொல்லி, கவுண்டர் மேல் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் கிடத்திப் பல்லை எண்ணித்தான் கொடுப்பேன். உன் மெக்கானிக்கையும் அப்படிச் செய்யச் சொல். நீயும் எண்ணு.

மாட்டும்போது பக்கத்தில் நில். கியர்பாக்ஸிலிருந்து ஷாஃப்ட்டை உருவினால் எண்ணெய் ஒழுகும், உன்னுடையது ஆட்டோ கியர், அதற்கான ஏடிஎஃப் எண்ணெயைத் திரும்ப அளவு பார்த்து ஊற்ற வேண்டும். ஆயில் சீல் புதிது போடச் சொல், விலை ஒன்றும் பெரிதில்லை. சக்கரத்தின் நடுவில் இருக்கும் 32 எம்எம் நட்டை டார்க் ரெஞ்சில் முறுக்கி, புது ஸ்ப்ளிட் பின் போட வேண்டும். முறுக்கி முடிக்கும் முன் காடியின் பாரத்தைச் சக்கரத்தில் இறக்கினால் பேரிங் போய்விடும். அவசரக்காரன்கள் இதைத்தான் செய்வார்கள்.

உனக்கு இதெல்லாம் தெரியாததா? ஜெலுத்தோங் வீட்டு வாசலில் அப்பா டார்ச் பிடிக்க, நீ இதே காடிக்கு அடியில் படுத்து ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழற்றியவள். தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அந்தப் பெண்ணா இன்று ஒருவன் எழுதிய பட்டியலைப் படம் எடுத்து, அதையும் அம்மாவிடம் காட்டப் பயந்து அழிப்பது? நான் நீளமாக எழுதினால் “ஓகே மா” என்று ஒரு வார்த்தை பதில். நாலு வரி எழுதினால் கை தேய்ந்துவிடுமா?

சித்திரை வருஷப்பிறப்புக்குக் காடி சரியில்லை, வரவில்லை என்றாய். பட்டர்வொர்த்துக்கு ரயில் வருகிறது பாப்பா. இடிஎஸ் மின்ரயிலில் ஏறினால் நாலரை மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். தனியாக வந்தாலும் வரலாம். ஏன் தனியாக என்று இந்த வீட்டில் யாரும் கேட்க மாட்டார்கள். அத்தை வாயைத் திறந்தால் நான் பார்த்துக்கொள்கிறேன். தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போக வேண்டும் என்று நீதானே சொல்லிக்கொண்டிருந்தாய்.

காசு இப்போது கையைக் கடிக்கிறதென்றால் ஷாஃப்ட்டை நானே வாங்கி அனுப்புகிறேன். பழைய தவுக்கேயின், அதான் முதலாளியின், மகன்தான் இப்போது கடையைப் பார்க்கிறான், எனக்கு இன்னும் கடைக்கு வந்த விலைக்கே கொடுப்பான். எந்த முகவரிக்கு அனுப்ப வேண்டும் என்று மட்டும் எழுது. எந்த முகவரியாக இருந்தாலும் சரி.

இரண்டு பக்கத்துப் பூட்டையும் படம் எடுத்து அனுப்பு. இந்த முறை அழிக்காதே.

அம்மா

பி.கு.: பழைய ஷாஃப்ட்டை ஒர்க்‌ஷாப்பில் விட்டுவிட்டு வந்துவிடாதே. ரீகான் வாங்கினால் பழையதைக் கொடுத்து விலையைக் குறைக்கலாம். அவனாகச் சொல்ல மாட்டான், நீதான் கேட்க வேண்டும்.