ஆச்சிக்கு, மொய் நோட்டைத் திறக்கும் முன்

ஆச்சி,

தை கல்யாணத்துக்கு மொய் எழுத வருகிறேன் என்று சின்னவனிடம் நேற்றுச் சொல்லிவிட்டேன். நாலு வருஷமாக நான் எந்த வீட்டு நோட்டிலும் பேனா வைக்காதது உங்களுக்குத் தெரியும். ஏன் என்பதும் தெரியும். நாலு வருஷத்துக்கு முன் மொய் நோட்டில் நான் கை வைத்தேன் என்ற பேச்சு நாலு பேர் முன்னால் நடந்தது, அதனால் இதையும் நாலு பேர் பார்க்க எழுதுகிறேன். பங்காளிகளும் படிப்பார்கள். வீடுகளின் பெயர் எதுவும் இங்கே வராது.

வருகிறேன், ஆனால் இரவு 9 மணிக்கு மேல் ஒரு கூட்டல்கூடப் போடமாட்டேன்.

அன்று மொய் எழுதிய ராத்திரி நீங்க முகப்பில் தூணில் சாய்ந்து, நோட்டை மடியில் வைத்து எழுதிக்கொண்டிருந்தீங்க. பந்தி முடிந்து மணி ஒன்று இருக்கும். கண்ணாடி மூக்கு நுனிக்கு இறங்கியிருந்தது. ஒரு பெயரின் நடுவில் 'ப' எழுதும்போது பேனா நின்றது. அங்கிருந்து ஒரு கோடு தானாகக் கீழே இழுபட்டு மூன்று வரி தாண்டிப் போனது. கண் திறந்தீங்க, அடுத்த எழுத்தை எழுதினீங்க, கோட்டைப் பார்க்கவே இல்லை. சில விநாடித் தூக்கம் அது. தூங்கினோம் என்பதே பல நேரம் தூங்கியவருக்குத் தெரியாது. நான் எதிரிலேயே இருந்தேன். பேனாவை வாங்கியிருக்கலாம், கேட்டால் திட்டுவீங்க என்று சும்மா இருந்துவிட்டேன். அது என் தப்பு. மன்னிச்சுக்கோங்க.

விடியக்காலை 4 மணிக்கு எழுந்தவருக்கு இரவு 9 மணிக்கே 17 மணி நேரம் ஆகிவிடுகிறது. 1997-இல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வு, 17 மணி நேரம் விழித்திருந்தவரின் கையும் கண்ணும் ஒத்துழைப்பது, ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவருக்கு எப்படியோ அப்படித்தான் என்று அளந்து காட்டியது. நம் நாட்டில் வண்டி ஓட்ட வரம்பு 0.03. வண்டிச் சாவியைத் தரமாட்டோம், நோட்டை மட்டும் கொடுக்கிறோம்.

களைத்த கை இருப்பதை இடம் மாற்றி எழுதிவிடும். 1,501 என்பது 1,051 ஆகும். பெட்டிப் பணமும் நோட்டும் 450 இடிக்கும். இடிக்கும் தொகை 9-ஆல் மீதியில்லாமல் வகுபட்டால், பக்கத்துப் பக்கத்து இலக்கம் மாறியிருக்கலாம் என்று முதலில் சந்தேகப்படணும். 500 என்பது 5,000 ஆனாலும் வித்தியாசம் 4,500, அதுவும் 9-ஆல் வகுபடும். வகுத்து வருவது 500. அந்தத் தொகையே நோட்டில் இருக்கிறதா என்று தேடினால் கூடுதல் சுழியம் அகப்படும். வகுபடாவிட்டால், பணம் வாங்கிப் பெயர் எழுதாமல் விட்ட கவர் உண்டா என்று பார்க்கணும்.

எண்ணை இப்படிப் பிடித்துவிடலாம். விலாசத்தை, அதாவது பெயருக்கு முன்னால் வரும் குடும்ப எழுத்துகளை, அப்படிப் பிடிக்க முடியாது. 'அரு.சுப.' என்பதை 'சுப.அரு.' என்று எழுதினால் கூட்டல் சரியாகவே வரும், ஆனால் மொய் வேறு வீட்டுக்குப் போய்விடும். (எடுத்துக்காட்டுக்குச் சொல்கிறேன், அன்று நோட்டில் விலாசம் மாறிப்போன இரண்டு வீடுகள் இவை இல்லை.) பழைய ஓலைகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைப்பதில்லை, ஓலை கிழிந்துவிடும். படிப்பவர் முன்னும் பின்னும் பார்த்துப் புரிந்துகொண்டார். விலாசத்துக்கு முன்னும் பின்னும் கிடையாது. அதே பெயரில் ஊருக்கு ஒருவர் இருப்பார், பிரித்துக் காட்டுவது அந்த விலாசம்தான். கல்யாண ஒப்பந்தமான இசைகுடிமானத்தில் ஒவ்வொரு பெயரையும் எவ்வளவு கவனமாக எழுதுகிறோம்! அந்தக் கவனத்தில் பாதிகூட மொய் நோட்டுக்கு இல்லை.

மறுநாள் காலையில் அந்த விலாச மாற்றத்தைக் கண்டுபிடித்தவன் நான். உங்களுக்குத் தலைகுனிவு வேண்டாம் என்று, சொல்லாமல் மேலேயே அழுத்தி எழுதித் திருத்தினேன். வேறு பேனா, வேறு நீலம். அது திருத்தமாகத் தெரியவில்லை, திருட்டாகத் தெரிந்தது. "நோட்டில் கை வைத்தது தம்பிதான்" என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னீங்க. உண்மைதான். கை வைத்தது நான்தான். ஆனால் அடியில் இருந்த எழுத்து யாருடையது என்று உங்களுக்குத் தெரியாதா? சொல்லியிருக்கலாமே. ஒரு வாக்கியம் போதுமே, ஆச்சி. நாலு வருஷம்.

அதற்கு மேல் நடந்ததை இங்கே எழுதவில்லை.

இந்த முறை இப்படிச் செய்வோம். தைத்துக் கட்டிய நோட்டு, தனித்தாள் வேண்டாம். முதல் நாளே எல்லாப் பக்கத்துக்கும் எண் போட்டுவிடுங்க. பக்கத்துக்கு 25 பெயர், அடியில் அந்தப் பக்கக் கூட்டு. நோட்டில் வரிசை எண் என்னவோ அதையே மொய்க் கவரின் மூலையிலும் எழுதி, 25 கவரை ஒரு கட்டாகப் போடணும். வந்தவர் தன் கையால் எழுதிய விலாசம் கவரில் இருக்கும், சந்தேகம் வந்தால் அதுதான் சாட்சி. எழுதுபவர் பணத்தைத் தொடக்கூடாது, எண்ணுபவர் பேனாவைத் தொடக்கூடாது. எண்ணுபவர் தொகையைச் சத்தமாகச் சொல்ல, எழுதுபவர் திருப்பிச் சொல்லிவிட்டு எழுதணும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஆள் மாறணும்.

தப்பு வந்தால் மேலே எழுதாமல், பழையது படிக்கும்படி ஒரே கோடு. பக்கத்தில் சரியானது, இரண்டு பேர் கையெழுத்து, நேரம். நான் அன்று செய்யாதது இது.

9 மணிக்கு மேல் வரும் கவருக்குப் பெயர், விலாசம், ஊர், தொகை மட்டும் பதிவாகும். விட்டால் மறந்துபோகிறவை அவை. கூட்டலும் நகல் எடுப்பதும் காலையில்தான். ராத்திரியில் நகல் எடுத்தால் அடுத்தடுத்து இரண்டு வரியில் 'தேவகோட்டை' வரும்போது கண் முதலாவதிலிருந்து இரண்டாவதுக்குத் தாவும், நடுவில் ஒருவர் காணாமல் போவார். காலையில் ஒருவர் கவரைப் பார்த்துப் படிக்க, மற்றவர் நோட்டில் டிக் அடிக்கணும், கடைசிப் பக்கத்திலிருந்து முதல் பக்கம் நோக்கி. களைப்பில் எழுதிய பக்கங்கள் பின்னால்தான் இருக்கும், புதுக் கண்ணோடு அவற்றை முதலில் பார்க்கணும்.

எனக்கு ராத்திரி காபி கொடுத்தனுப்ப வேண்டாம். அது தூக்கத்தைத் தள்ளிப் போடுமே தவிர, களைப்பை எடுக்காது. அதில் இருக்கும் காஃபீனில் பாதி சுமார் ஐந்து மணி நேரம் கழித்தும் உடம்பில் நிற்கும், காலையில் சரிபார்க்க வேண்டியவன் ராத்திரி முழுக்கப் புரண்டுகொண்டிருப்பான். 8 மணிக்கு இரண்டாங்கட்டில் 20 நிமிஷம் தலை சாய்க்க விடுங்க. அரை மணிக்கு மேல் போனால் எழுப்பிவிடணும், இல்லாவிட்டால் மந்தம் பிடிக்கும்.

நீங்களும் அன்று உட்கார வேண்டாம். அதட்டலாகச் சொல்லவில்லை. அந்தக் 'ப'வை நினைத்துச் சொல்கிறேன்.

பழைய நோட்டு பெட்டகத்தில்தான் இருக்கும். அந்தப் பக்கத்தைக் கிழிக்காதீங்க. மூன்று வரி இறங்கும் கோடு அதில் இருக்கிறது.

முதல் நாள் சாயந்தரம் 5 மணிக்கு வந்துவிடுவேன். விளக்கை இடப்பக்கம் வைக்கச் சொல்லுங்க, வலப்பக்கம் இருந்தால் எழுதும் கையின் நிழல் எழுத்தில் விழும்.

தம்பி