கண்களை மூடாமல் ஜெபித்த முகாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மே மாதம் வந்தால் உங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் விடுமுறை வேதாகமப் பள்ளிச் சிறுவர்கள் காகிதத் தொப்பியோடு ஊர்வலம் போகும் படம் தவறாமல் வரும். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் அதைவிடப் பெரிய பிள்ளைகளுக்கு, அதாவது பிளஸ் டூ முடித்தவர்களுக்கும் கல்லூரியில் படிப்பவர்களுக்கும், சபைகள் நடத்தும் வாலிபர் முகாம்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. இந்த ஆண்டு எங்கள் சேகரத்து (ஒரு போதகரின் பொறுப்பில் உள்ள சபைகளின்) முகாமில் பிள்ளைகள் பேசியதைக் கேட்ட பிறகு அதைப் பற்றி நாலு பேருக்குத் தெரிய வேண்டும் என்று தோன்றியது. கிறிஸ்தவர் அல்லாத வாசகர்களும் தயவுசெய்து தொடர்ந்து படியுங்கள். விஷயம் கோவில் காம்பவுண்டுக்குள் முடிந்துவிடவில்லை.

நான் ஓய்வு பெற்ற கணக்கு ஆசிரியை. குடியிருப்பது பாளையங்கோட்டையில். முகாமில் என் வேலை பெண்பிள்ளைகள் தங்கும் அறைகளைப் பார்த்துக்கொள்வதும், காலை எட்டு மணிக்குள் இட்லி வெந்ததா என்று சமையல்காரரை விரட்டுவதும்தான். பிரசங்கம் பண்ண என்னைக் கூப்பிட மாட்டார்கள், நானும் கேட்டதில்லை. முகாம் நடந்தது குற்றாலத்தில். சீசன் ஜூனில்தான் தொடங்கும் என்பதால் மே மாதம் அருவியில் பாறைதான் தெரியும், வாடகையும் குறைவு. பிள்ளைகளுக்கு முதலில் அதில் கொஞ்சம் வருத்தம்.

வழக்கத்துக்கு மாறாக இந்த முறை எங்கள் வாலிபர் சங்கச் செயலாளர் காதுகேளாத இளைஞர்கள் ஐந்து பேரை முகாமுக்கு அழைத்திருந்தார். எல்லாரும் பள்ளிப் படிப்பை முடித்து, அச்சகத்திலும் தையல் வேலையிலும் இருப்பவர்கள். அவர்களோடு, சைகை மொழியை மொழிபெயர்க்க, ஒரு கல்லூரி மாணவி வந்தாள். அவளுக்குக் காது கேட்கும். அப்பா அம்மா இரண்டு பேருக்கும் கேட்காது. ரேஷன் கடையிலும் ஆஸ்பத்திரியிலும் சின்ன வயதிலிருந்தே அவர்களுக்காகப் பேசிப் பழகியவள்.

முதல் நாள் ராத்திரி எங்கள் ஐயர், அதாவது சபைப் போதகர், வழக்கம்போல, "எல்லாரும் கண்களை மூடி ஜெபிப்போம்" என்றார். எல்லாரும் மூடினோம். பழக்கதோஷத்தில் அந்த மொழிபெயர்க்கும் பெண்ணும் மூடிக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் டப் டப் என்று யாரோ தரையை அறையும் சத்தம். அச்சகத்தில் வேலை பார்க்கும் பையன் உள்ளங்கையால் தரையைத் தட்டிக்கொண்டிருந்தான். ஒருவரைத் திரும்பிப் பார்க்க வைக்க அவர்கள் அப்படித்தான் செய்வார்கள். அதிர்வு தெரியும் அல்லவா. பிறகு கையால் ஏதோ சொன்னான். அவள் அதைச் சத்தமாகச் சொன்னாள்: "நீங்க எல்லாரும் கண்ணை மூடிட்டீங்க. நாங்க எதைப் பார்த்து ஜெபம் பண்ண?"

இரண்டு மூன்று பேர் சிரித்துவிட்டார்கள். ஐயர் இளவயதுக்காரர், சட்டென்று பிடித்துக்கொண்டார். "சரி, இந்த முகாம் முடிகிற வரை கண்ணைத் திறந்துகொண்டே ஜெபிப்போம்" என்றார். கேட்க எளிதாக இருக்கிறது, செய்து பாருங்கள். இருபது வருஷப் பழக்கத்தை விட முடியாமல் பிள்ளைகள் தவித்தார்கள். யாராவது கண்ணை மூடினால் பக்கத்தில் இருப்பவர் விலாவில் இடித்துத் திறக்க வைத்தார்.

அடுத்த நாள் வேத ஆராய்ச்சிக் குழுவில், பி.எஸ்சி. இயற்பியல் படிக்கும் ஒரு பெண் கேட்ட கேள்வியைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். ரோமர் பத்தாம் அதிகாரத்தில் விசுவாசம் கேள்வியினாலே, அதாவது காதால் கேட்பதினாலே, வரும் என்று பவுல் எழுதியிருக்கிறார். எங்கள் ஆலயங்களில் சுவரில் எழுதிவைத்திருக்கும் வசனம் அது. "அப்படின்னா கேட்கவே முடியாதவங்களுக்கு விசுவாசம் எப்படி வரும் ஐயா?" என்று கேட்டாள். ஐயர் சமாளிக்கப் பார்க்கவில்லை. யோசித்துவிட்டு நாளைக்குச் சொல்கிறேன் என்றார். மறுநாள் மாற்கு ஏழாம் அதிகாரத்தை எடுத்தார். காதுகேளாத ஒருவரைக் கூட்டத்தை விட்டுத் தனியே அழைத்துப்போய், இயேசு தம் விரல்களை அவர் காதுகளில் வைத்து, நாவைத் தொடுகிற பகுதி. நான் ஓய்வுநாள் பள்ளியில் அதை அற்புதக் கதையாக எத்தனையோ முறை சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அச்சகப் பையன் அதைப் பார்த்துவிட்டு, "முதல்ல கையாலதான் பேசியிருக்கார், அப்புறம்தான் வாயால" என்றான். அந்த விளக்கத்தை நான் எந்தப் பிரசங்கத்திலும் கேட்டதில்லை. அவர்கள் இயேசு என்று சொல்ல ஒரு கையின் விரலால் மறு கையின் உள்ளங்கை நடுவில் தொட்டுக் காட்டுகிறார்கள், ஆணி அறைந்த இடத்தில். முகாம் முடிவதற்குள் எங்கள் பிள்ளைகள் எல்லாருக்கும் அது வந்துவிட்டது.

இதுவரைக்கும் நன்றாகத்தான் போனது. அன்று மாலை நடந்தது வேறு. எங்கள் பெண்பிள்ளைகளில் நான்கைந்து பேர், வந்திருந்த ஐந்து பேரில் தையல் வேலை செய்யும் பெண்ணைச் சுற்றி நின்று, தலையில் கைவைத்து, அவளுக்குக் காது கேட்க வேண்டும் என்று அழுது ஜெபித்தார்கள். அன்பு இல்லாமல் அழவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். ஆனால் அவளிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஜெபம் முடிந்ததும் அவள் மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிட்டாள். என்ன ஜெபம் பண்ணினார்கள் என்று விசாரித்தாள். தெரிந்ததும் முகம் சுண்டிப்போயிற்று. அவள் வேலை பார்க்கும் இடத்தில் இரண்டு மாதச் சம்பளம் பாக்கி. வீட்டு வாடகை நிற்கிறது. கேட்கப் போனால் முதலாளி வேறு பக்கம் திரும்பிக்கொண்டு பேசுகிறாராம், உதட்டசைவைக்கூடப் பார்க்க முடியாதபடி. "ஜெபம் பண்றதா இருந்தா அதுக்குப் பண்ணுங்க" என்றாள்.

பி.காம். படிக்கும் ஒரு பையன் அன்று ராத்திரியே உட்கார்ந்து தொழிலாளர் துறைக்கு ஒரு மனு எழுதினான். முகாம் முடிந்த அடுத்த திங்கள்கிழமை, ஆட்சியர் அலுவலக மக்கள் குறைதீர்க்கும் நாளிலும் மனுவின் ஒரு பிரதியைக் கொடுக்க மூன்று பேர் அவளோடு வரிசையில் நின்றார்கள். இதுவரை ஒரு மாதச் சம்பளம் வந்திருக்கிறது. மீதிக்கு அலைகிறார்கள்.

வாலிபர் முகாமின் கடைசி இரவு சாட்சி நேரம். முன்னால் வந்து ஆண்டவர் தனக்குச் செய்ததைச் சொல்ல வேண்டும். நான் வருஷக்கணக்காகக் கேட்டு வருகிறேன், ஒரே வார்ப்பில் இருக்கும்: முகாமுக்கு வரும்போது இருதயம் கடினமாக இருந்தது, இரண்டாம் நாள் கூட்டத்தில் தொடப்பட்டேன், இனிமேல் செல்போனைக் குறைத்துக்கொள்வேன். பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஜூலை பிறந்தால் யாருக்கும் ஞாபகம் இருக்காது. இந்த முறை பிள்ளைகளின் பேச்சு தடுமாறியது. ஒருத்தி, "எனக்கு விசுவாசம் ஜாஸ்தின்னு நெனச்சேன், அவளோட பேர் என்னன்னு கேக்காமலே ஜெபம் பண்ணிட்டேன்" என்றாள். இன்னொருவன், தன் சொந்த அத்தைக்குக் காது கேட்காது என்றும், வீட்டில் விசேஷம் நடந்தால் அவரை அடுப்படியிலேயே உட்கார வைத்துவிடுவார்கள் என்றும், அது தப்பு என்று பத்தொன்பது வயது வரை தனக்குத் தோன்றியதே இல்லை என்றும் சொன்னான். கைதட்டக் கூடாது என்று முன்பே பேசிவைத்திருந்தார்கள். இரண்டு கைகளையும் மேலே தூக்கி விரல்களை ஆட்டினார்கள். காதுகேளாதவர்களின் கைதட்டல் அதுதான்.

ஊருக்குத் திரும்பியதும் விமர்சனம் வந்தது. சேகர கமிட்டியில் ஒரு பெரியவர், "முகாமில் தங்களை ஆண்டவருக்கு அர்ப்பணிக்க எத்தனை பேர் முன்னால் வந்தார்கள்? எண்ணிக்கை இல்லையே. இது ஆவிக்குரிய முகாமா, சமூக சேவை முகாமா?" என்று கேட்டார். அவர் கவலை எனக்குப் புரிகிறது. சமூக சேவை என்ற பெயரில் ஜெபமே இல்லாமல் போன இடங்களும் உண்டு. ஆனால் இந்தக் கேள்வியை அவர் எந்த ஊரில் உட்கார்ந்து கேட்கிறார் என்று பாருங்கள். எங்கள் ஊசிக்கோபுரம், 1826-இல் ரேனியஸ் ஐயர் கட்டிய ஆலயம். அதைச் சுற்றி நடந்துபோகிற தூரத்துக்குள், 1890-இல் ஆஸ்க்வித் அம்மையார் ஆரம்பித்த பார்வையற்றோர் பள்ளியும், அதே நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் ஃப்ளாரன்ஸ் ஸ்வெயின்சன் அம்மையார் தொடங்கிய காதுகேளாதோர் பள்ளியும் இருக்கின்றன. அந்த மிஷனெரிகள் ஜெபத்தையும் சேவையையும் இரண்டு கணக்கில் எழுதி வைத்துக்கொள்ளவில்லை.

எனக்கு உறைக்கிற விஷயம் வேறு. நூறு வருஷத்துக்கு மேலாகக் காதுகேளாத பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்துகிற ஊர் இது. பஸ் ஸ்டாண்டில் அவர்கள் சைகையில் பேசிக்கொண்டு நிற்பதை எல்லாரும் பார்த்திருக்கிறோம். அப்படியிருந்தும் எங்கள் ஆலயத்து ஞாயிறு ஆராதனையில் ஒரு மொழிபெயர்ப்பாளரை நிறுத்த வேண்டும் என்று எங்கள் சேகரத்தில் யாருக்கும் தோன்றவில்லை. புது ஒலிபெருக்கிப் பெட்டிகள் வாங்க நன்கொடை திரட்டி, இரண்டே மாதத்தில் பணம் சேர்த்துவிட்டோம்!

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் செவித்திறன் குறைபாடு உள்ளவர்கள் சுமார் 50 லட்சம் பேர். நம் நாட்டுப் பள்ளிகள் பலவற்றில் நெடுங்காலம் சைகையை ஒதுக்கி, உதட்டசைவைப் படித்துப் பேசப் பழக்குவதே முறையாக இருந்தது. பிள்ளைகள் விடுதியில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்து வளர்த்த மொழிதான் சைகை. இப்போது நிலைமை மாறிவருகிறது. 2015-இல் டெல்லியில் இந்திய சைகை மொழிக்கென்று ஒரு ஆராய்ச்சி மையம் வந்தது. 2021-இல் அது 10,000 சொற்கள் கொண்ட அகராதியை வெளியிட்டது. 2023 செப்டம்பரில் காதுகேளாத வழக்கறிஞர் சாரா சன்னி, மொழிபெயர்ப்பாளர் துணையோடு உச்ச நீதிமன்றத்திலேயே ஆஜரானார். 2024 மே மாதம் கேரளத்தில் திருச்சூரில், காதுகேளாத ஒருவர் கத்தோலிக்கக் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார். நீதிமன்றமும் முந்திவிட்டது, கத்தோலிக்கரும் முந்திவிட்டார்கள். நாங்கள் பெட்டி வாங்கிக்கொண்டிருக்கிறோம்.

பிள்ளைகள் கமிட்டிக்குக் கொடுத்திருக்கும் விண்ணப்பத்தில் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. மாதத்தில் ஒரு ஞாயிறாவது ஆராதனையில் மொழிபெயர்ப்பாளர் வேண்டும். அவர் தூணுக்குப் பின்னால் நிற்காமல், பிரசங்க பீடத்துக்குப் பக்கத்தில் வெளிச்சத்தில் நிற்க வேண்டும். பாடல் வரிகளைத் திரையில் போட வேண்டும். பெரும்பாலான ஆலயங்களில் இப்போது புரொஜெக்டர் இருக்கிறது, செலவே இல்லை. வாலிபர் கூட்டத்தில் வாரம் அரை மணி நேரம் சைகை கற்றுக்கொள்ள அனுமதி வேண்டும். இவ்வளவுதான். நான் அதில் ஒன்றைச் சேர்க்கச் சொன்னேன், சேர்த்தார்கள்: யாருக்காக ஜெபிக்கிறோமோ அவரிடம் முதலில் என்ன வேண்டும் என்று கேட்க வேண்டும்.

மற்ற மதத்து வாசகர்களுக்கும் இதில் சம்பந்தம் உண்டு என்று சொன்னேன். சம்பளம் கொடுக்காமல் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் முதலாளி எந்த மதத்திலும் இருப்பார். கல்யாண வீட்டில் காதுகேளாத அத்தையை அடுப்படியில் உட்கார வைப்பவர்களும் அப்படித்தான். கோவில் கும்பாபிஷேகத்துக்கும் பள்ளிவாசல் பயானுக்கும் மொழிபெயர்ப்பாளர் வைத்திருக்கும் ஊர்கள் இருந்தால் உங்கள் நாளிதழுக்கு எழுதுங்கள். எங்கள் கமிட்டிக்குக் கொண்டுபோய்க் காட்ட வசதியாக இருக்கும்.

செப்டம்பர் 23 சர்வதேச சைகை மொழி நாள். அதையொட்டி வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆராதனையை மொழிபெயர்க்க, முகாமுக்கு வந்த அந்த மாணவி சம்மதித்திருக்கிறாள். பஸ் செலவும் மதியச் சாப்பாடும் போதும் என்கிறாள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. வெளியூரிலிருந்து வரும் பிரசங்கியாருக்குக் கவரில் வைத்துக் கொடுக்கும் தொகையை அவளுக்கும் கொடுக்க வேண்டும் என்று கமிட்டிக்குத் தனியாக எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆசிரியை,
பாளையங்கோட்டை