கோஸ் ஏன் பூக்கவில்லை

யாங்கோன்

அன்புள்ள ராமு,

கடிதம் கிடைத்தது. பேரன் நடக்க ஆரம்பித்துவிட்டானாமே, சந்தோஷம். முழங்காலுக்கு எண்ணெய் தேய்ப்பதை மட்டும் விட்டுவிடாதே.

சரி, கோஸ் கதைக்கு வருகிறேன். ஒரே பொட்டலத்து விதை. மலையூரான கலோவில் நீ வெட்டாமல் விட்ட நாலு செடி பனி முடிந்ததும் தண்டு நீட்டி மஞ்சளாகப் பூத்துவிட்டது. என் மாடித் தொட்டியிலோ இலைமேல் இலை விரிந்ததோடு சரி. ‘உன் கைராசி அப்படி’ என்று எழுதியிருக்கிறாய். கைராசி இல்லையப்பா, குளிர்.

பூக்கவிடாமல் தடுக்கும் மரபணு ஒன்று இருக்கிறது, பெயர் எஃப்எல்சி. கோஸுக்குப் பங்காளி முறையான அராபிடாப்சிஸ் என்ற சின்னக் களைச்செடியில்தான் இதை நன்றாகத் துருவியிருக்கிறார்கள். வாரக்கணக்கில் குளிர் பட்டால் அது அடங்கிவிடும். மரபணுவில் ஓர் எழுத்துகூட மாறாது. செடி அதைச் சுருட்டிக் கட்டி வைத்துவிடும், அவ்வளவுதான்.

மொகல் தெருவில் உங்கள் அப்பா கடை ஞாபகம் இருக்கிறதா? பலகையில் சுற்றிய சீட்டித் துணியைப் பிரித்துப் போட்டால்தானே டிசைன் தெரியும்? டிஎன்ஏவும் அப்படித்தான். எட்டு ஹிஸ்டோன் புரதங்கள் சேர்ந்த உருளையில் 147 எழுத்து நீளம், இரண்டு சுற்றுக்குக் கொஞ்சம் குறைவாகச் சுற்றியிருக்கும். அந்தக் கட்டுகளை நகர்த்த, தளர்த்த, இறுக்கத் தனிப் புரதங்கள் உண்டு. செல்லுக்கு எரிபொருள் மாதிரியான ஏடிபியைக் கூலியாக வாங்கும் கடைப் பையன்கள் என்று வைத்துக்கொள். குளிரில் பாலிகோம்ப் என்ற இன்னொரு புரதக் கூட்டம் வந்து எஃப்எல்சி இருக்கும் கட்டின் ஹிஸ்டோனில் ‘பிரிக்காதே’ என்று மெத்தில் என்ற வேதி முத்திரை குத்தும். வெயில் வந்து, செல்கள் பலமுறை பிரிந்த பிறகும் முத்திரை நிற்கும். விதை உண்டாகும்போதுதான் துடைபடும். அடுத்த தலைமுறை தன் குளிரைத் தானே பட்டாக வேண்டும்.

அந்தக் கடைப் பையன்களில் ஒருவனுக்கு என்ன பெயர் தெரியுமா? பிக்கிள், நம்ம ஊறுகாய்! அந்தப் புரதம் பழுதான செடிகளைப் பற்றி 1997-ல் ஓர் ஆய்வு வந்தது. சில செடிகளில் வேர் பச்சையாகப் பருத்து, வேர் என்பதையே மறந்து, விதைக்குள் இருக்கும் கரு மாதிரி எண்ணெய் சேர்த்துக்கொண்டு கிடந்ததாம். முளைத்ததும் மூடவேண்டிய கருக்கால மரபணுக்களை மூட ஆள் இல்லை. படித்துவிட்டு நம்ம கூட்டாளிகள் இரண்டு பேரை நினைத்துச் சிரித்தேன், யார் என்று எழுத மாட்டேன்.

இங்கே ஜனவரி ராத்திரிகூட 18 டிகிரிக்குப் பக்கம்தான். கோஸுக்கு அது 10 டிகிரிக்குள் இறங்க வேண்டும். இன்னொன்று, கன்று ரொம்பச் சின்னதாக இருந்தால் குளிர் பட்டும் பலன் இல்லை. அதனால் விதைக்கு விடுவதென்றால் தண்டு பெருத்த செடியாகப் பார்த்து விடு.

காய் முற்றிக் காய்ந்ததும் உதிர்ந்துபோகும் முன்னால் பறித்துவிடு. கீழே வரும்போது ஒரு கைப்பிடி விதை எனக்கு. மொஹிங்கா மீன் நூடுல்ஸ் என் செலவு.

அன்புடன்,
சுப்பையா